ஊதா வரும் நேரம்

காசிமேட்டில் இறால் உரிக்கும் தேசம்மா
ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்:
"சதைய வுட்டுட்டு ஓட்ட வாங்கினு போறியே,
கோழித் தீவனமா?"
தண்ணி கழுவ, என்கிறேன்.
"தண்ணியையே கழுவப் போறியா?"
சிரித்துக்கொண்டே இன்னொரு கை அள்ளிப் போட்டு
இதுக்குக் காசு வாணாம் என்கிறாள்.

இரண்டு பைக்குள் இறுக்கிக் கட்டியும்
பேருந்தில் என்னைச் சுற்றி
ஓர் ஆள் அகலத்துக்கு இடம் காலியாகிறது.
கண்டக்டர் சில்லறையை
விரல் நுனியால் நீட்டுகிறார்.

அமிலத்தில் போட்டால்
சோடா உடைத்ததுபோல் நுரைத்துச் சுண்ணாம்பு போகும்.
காரத்தில் வேகவைத்தால் வாடை போகும்.
மூன்றாம் நாள் மிஞ்சுவது
வெட்டிப் போட்ட நகம்போல்
வெளிறிய, எடையற்ற செதில்.
அதைக் கரைத்து ஊசிவழியே சொட்டவிட்டால்
ஜவ்வரிசி.
பாயசத்துக்கு ஆகாத ஜவ்வரிசி.

அம்பத்தூர் எஸ்டேட்,
குழாய் மூடிகளுக்குக் குரோம் பூசும் பட்டறை.
கபூர் பாய் பின்கதவைத் திறந்துவிட்டு
டீ சொல்லப் போனார்.
சாக்கடைக்குக் காத்திருந்த தொட்டித் தண்ணீர்
மஞ்சள் நீராட்டுக்குக் கரைத்து வைத்ததுபோல்
அத்தனை மங்களகரமாக இருந்தது.
டில்லிபாபு கையுறையைக் கழற்றிக் காட்டினான்.
விரல் இடுக்குகளில்
ஆணி குத்தி எடுத்தாற்போல் ஆறாத குழிகள்.
"இதுக்கு எதுனா வெச்சிருக்கியா சார்?"
என்னிடம் இருந்தது
தண்ணீருக்கு மட்டும்.

கண்ணாடிக் குழாயில் ஜவ்வரிசியை நிரப்பி
மேலே மஞ்சளை ஊற்றினேன்.
கீழே வந்தது தண்ணீர்,
வெறும் தண்ணீர்.
நிறமில்லாததை நம்பும் வேலையில்லை என் வேலை.
அரைமணிக்கு ஒருதரம்
அமிலம் ஒரு சொட்டு, சாயம் இரு சொட்டு.
குரோமியம் தப்பி வந்திருந்தால் ஊதா வரும்.
ஒன்பதுக்கு வரவில்லை.
பன்னிரண்டுக்கு வரவில்லை.
இரண்டுக்குக் கரண்ட் போய் வந்தது,
ஊதா வரவில்லை.
காவலாளி ஆரோக்கியம் எட்டிப் பார்த்து
யாருடன் பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

மூன்று நாற்பதுக்கு,
கத்தரிப்பூ ஒன்றை
ஒரு குடம் நீரில் கசக்கிய அளவு,
வந்தது.

அவ்வளவுதான். ஓடு நிரம்பிவிட்டது.
இனி ஒரு வாய் கொள்ளாது.

தண்ணீரில் இருந்த மஞ்சள்
இப்போது ஜவ்வரிசியில் இருக்கிறது.
காரம்விட்டுக் கழுவினால் திரும்பக் கொட்டும்,
தொட்டி முழுக்க இருந்தது
ஒரு டம்ளருக்குள்.
மறுபடி முலாமுக்கு எடுத்துக்கொள்வீர்களா என்றேன்.
பளபளப்பு குறையாதுன்னா பார்க்கலாம் என்றார் பாய்,
குறையுமா குறையாதா என்று
எனக்கும் தெரியாது.
கழுவக் கழுவ ஓடும் களைக்கிறது.
ஏழாம் முறை பாதிதான் பிடிக்கிறது.

அறிக்கையில் இதற்கு
'பாதுகாப்பான சேமிப்பு' என்று ஒரே வரி.
அறையில் இது
என் மேசைக்கடியில் பதினொரு ஜாடி.
மூடியில் தேதி எழுதி
மண்டையோடும் வரைந்திருக்கிறேன்,
கொஞ்சம் சிரிப்பதுபோல் வந்துவிட்டது.
திட்டம் மார்ச்சோடு முடிகிறது, என் சம்பளமும்.
ஜாடிகளுக்கு
மார்ச் கிடையாது.

வெள்ளிக்கிழமை விடியுமுன் மறுபடி காசிமேடு.
ஐஸ் உடைபடும் சத்தத்துக்கு மேல் கத்துகிறாள்:
"இன்னா, கழுவிட்டியா உன் தண்ணிய?"
ஏழு மணி நேரம், என்றேன்.
"அப்பால?"
அவள் கை நிற்கவில்லை.
தலை ஒருபக்கம், சதை ஒருபக்கம்,
ஓடு என் பக்கம்.

அப்பால
இன்னொரு கூடை வேணும், என்றேன்.